சொல்லின் விலை: இந்திய வணிகப் பயணியும் தொடர்புக் கருவிகளும்

வணிகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்பவர்கள் தங்கள் கடையோடும் நிறுவனத்தோடும் எவ்வாறு தொடர்பு வைத்துக்கொண்டனர் என்பது பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தந்தி வந்தது, தொலைபேசி வந்தது, கைபேசி வந்தது என்ற அந்த வரிசையில் பிழையில்லை. ஆயினும், வெளியூரில் இருந்த பயணி எவற்றைத் தாமே முடிவு செய்தார், எவற்றை முதலாளியைக் கேட்டுச் செய்தார் என்ற கேள்விக்கு அதில் விடை கிடைப்பதில்லை. வணிகப் பயணத்தில் தீர்மானிக்கப்படுபவை பெரும்பாலும் மூன்றே: சரக்கை என்ன விலைக்குக் கொடுப்பது அல்லது வாங்குவது, எதிரிலிருப்பவருக்கு எவ்வளவு கடன் வைப்பது, எந்தச் சரக்கை எத்தனை அனுப்புவதாக ஒப்புக்கொள்வது. இம்மூன்றையும் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் பயணியின் கையில் இருந்து, பின்னர் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பியது. அந்தத் திருப்பத்தின் வேகத்தை வகுத்ததில் கருவியின் திறனைக் காட்டிலும் ஒரு சொல்லை அனுப்ப ஆன செலவுக்கே பெரும்பங்கு உண்டு என்பதை இந்தியாவின் கடந்த ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது.

கடிதமும் தந்தியும்

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய வட்டித் தொழில், பயணியிடமே அதிகாரம் குவிந்திருந்த காலத்துக்குத் தெளிவான சான்று. செட்டிநாட்டில் இருந்த முதலாளி, உறவினர் ஒருவரையோ நம்பிக்கைக்குரிய வேறொரு நகரத்தாரையோ முகவராக அமர்த்தி, பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்துக்குக் கடல் கடந்து அனுப்புவார். முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் உரிமை தரும் அதிகாரப் பத்திரம் ஒன்று முகவரிடம் இருக்கும். கிட்டங்கி எனப்பட்ட, பல நிறுவனங்களின் முகவர்கள் சேர்ந்து தங்கித் தொழில் செய்த நீண்ட கூடங்களிலும், இரங்கூனில் நகரத்தார் கோயிலில் கூடி நடப்பு வட்டியை, அதாவது அப்போதைக்கு வழங்கும் வட்டி வீதத்தை, வகுத்த கூட்டங்களிலும் அன்றாடச் செய்தி அவர்களுக்குக் கிடைத்தது. ஊரிலிருந்து வந்த கடிதங்கள் பொதுவான நெறியைச் சொல்ல முடிந்ததே தவிர, நெல் விளைந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட வயலின்மேல் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதைச் சொல்ல முடியவில்லை. கடிதம் கப்பலேறிச் சென்று சேர்ந்து, மறுமொழி திரும்பி வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடக்கூடும் என்பதால், முகவரைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவுகளையும் அவரிடம் ஒப்படைத்துவிடுவது தவிர்க்க முடியாததாக இருந்தது.

இந்தியாவில் 1850–51இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனையாகத் தொடங்கிய மின்தந்தி, 1855இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கம்பி 1871ஆம் ஆண்டளவில் செயல்படத் தொடங்கியது. செய்தி போய்ச்சேரும் காலம் நாட்களிலிருந்து மணிகளாகச் சுருங்கியபோதிலும், கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டதால் தந்தியில் எதை எழுதுவது, எதை விடுவது என்பது தனிக் கலையாயிற்று. முகவரியில் உள்ள சொற்களுக்கும் சேர்த்துக் கட்டணம் எண்ணப்பட்ட வெளிநாட்டுத் தந்திகளில் செலவைக் குறைப்பதற்காக, வணிக நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒற்றைச் சொல்லாலான தந்தி விலாசத்தைப் பதிவு செய்துகொண்டன. அது நிறுவனத்தின் கடிதத் தலைப்பிலும் அச்சிடப்பட்டது. ஏ.பி.சி., பென்ட்லி போன்ற குறிமொழி நூல்கள் இதைவிட ஒரு படி மேலே சென்று, ஒரு முழு வாக்கியத்துக்கு ஈடாக ஒரே ஒரு குறிச்சொல்லை வகுத்துக் கொடுத்தன. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே நூல் இருந்தால், 'விலை இறங்கும் போலிருக்கிறது, வாங்குவதை நிறுத்தி வைக்கவும்' என்பது போன்ற கட்டளையை ஒரு சொல்லின் கட்டணத்தில் முடித்துவிடலாம்.

இவ்வளவு சுருங்கிய மொழியில் அனுப்பத்தக்கதாக இருந்தது விலை ஒன்றுதான். எண்ணும் அளவுமாக அமைந்த செய்தி தந்திக்கு எளிதில் பொருந்தியதால், பருத்தி, அரிசி, தங்கம் போன்றவற்றின் விலையைத் தீர்மானிக்கும் அதிகாரமே மூன்றில் முதலாவதாகப் பயணியிடமிருந்து விலகத் தொடங்கியது. பணத்தை அனுப்புவதும் இதே வழியில் விரைவுபட்டது: ஓர் ஊரில் எழுதிக் கொடுத்து மற்றோர் ஊரில் பணமாக்கப்பட்ட உண்டியல் என்னும் பழைய பரிமாற்றச் சீட்டுக்கு அருகே, வங்கிகள் மறைகுறியோடு அனுப்பிய தந்தி மாற்றும், அஞ்சல் துறை வழங்கிய தந்தி மணியார்டரும் வந்து சேர்ந்தன. ஆனால் ஒருவரின் நாணயத்தை அளப்பதற்குத் தந்தியின் பத்துச் சொற்கள் போதவில்லை. ஆகவே கடன் கொடுக்கும் முடிவு பயணியிடமே தங்கியது.

உள்நாட்டில் இருப்புப்பாதை விரிந்தபின் உருவான விற்பனைப் பயணியின் நிலையும் இவ்வாறே இருந்தது. மாதிரிப் பெட்டியோடு ஊர் ஊராகச் சென்று ஆர்டர் பிடித்த இவர்கள், அன்றன்று கிடைத்த ஆர்டர்களை இரவில் விடுதியிலோ சத்திரத்திலோ அமர்ந்து எழுதி, தாமதக் கட்டணத்துக்கான அஞ்சல் தலை ஒட்டி, இரயிலோடு இணைந்து செல்லும் அஞ்சல் பெட்டியின் துவாரத்தில் போட்டனர். முதலாளியின் கடிதம் அடுத்த ஊர் அஞ்சலகத்தில் வந்து காத்திருக்கும்; பயணி அங்கே சென்று பெயரைச் சொல்லிப் பெற்றுக்கொள்வார். புறப்படுமுன் எழுதிக் கொடுக்கும் சுற்றுப்பயணத் திட்டம், எந்த நாளில் எந்த ஊர் என்ற பட்டியலாக இருந்ததோடு, அந்தக் கடிதங்கள் பயணியைச் சென்றடைவதற்கான ஒரே வழியாகவும் இருந்தது. திட்டத்திலிருந்து விலகினால் தொடர்பும் அறுந்துபோகும் என்பதால், நிறுவனம் பயணியைக் கட்டுப்படுத்திய ஒரே கயிறு அந்தத் தாளாகவே நீண்ட காலம் நீடித்தது.

டிரங்க் கால் காலம்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882ஆம் ஆண்டு தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டாலும், ஊர்விட்டு ஊர் பேசும் வசதி பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. டிரங்க் கால் எனப்பட்ட நெடுந்தொலைவு அழைப்பு, இணைப்பகத்தில் உள்ள பணியாளரிடம் முன்பதிவு செய்து, வழித்தடம் காலியாகும்வரை காத்திருந்து பேச வேண்டிய ஒன்று. சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று தரங்கள் இருந்தன. தரம் உயர உயரக் காத்திருப்பு குறைந்தது, கட்டணம் பன்மடங்காயிற்று. மூன்று நிமிடம் ஓர் அலகு என்று கணக்கிடப்பட்டதால், நேரம் முடிந்ததைப் பணியாளர் இடையில் நுழைந்து அறிவிப்பதும், நீட்டிக்கலாமா என்று கேட்பதும் வழக்கம். குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால் மட்டுமே முழுக் கட்டணம் எனும் பி.பி. அழைப்பு, எதிர்முனையில் முதலாளி இருப்பாரா என்று உறுதியாகத் தெரியாத பயணிக்கு மிகவும் பயன்பட்டது.

இந்த முறையில் பேசுவதற்கு ஆன செலவு பணத்தில் மட்டும் முடியவில்லை. காலையில் விடுதியிலிருந்து அழைப்பைப் பதிவு செய்தவர், அது எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் தொலைபேசிக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். கடைத்தெருவுக்குச் செல்லவேண்டிய அரைநாள் அதிலேயே கழிந்துவிடும். எனவே டிரங்க் கால் பெரிய தொகைக்கும், எதிர்பாராத இடையூறுக்கும் மட்டுமே ஒதுக்கப்பட்டது. அன்றாட முடிவுகள் பயணியிடமே விடப்பட்டன. அனுபவமுள்ள விற்பனையாளருக்குத் தள்ளுபடியில் இத்தனை விழுக்காடு, கடனில் இத்தனை நாள் தவணை என்று முன்கூட்டியே ஓர் எல்லையை வகுத்துக் கொடுத்து, அதற்குள் தம் விருப்பப்படி நடந்துகொள்ள விடுவதே நிறுவனங்களின் நடைமுறையாக இருந்தது.

பணியாளரின் இடையீடின்றிச் சந்தாதாரரே நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. எனினும் அது பயணியின் கைக்கு எட்டியது 1980களின் பிற்பகுதியில்தான். 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் என்னும் அரசு ஆய்வு நிறுவனம், சாம் பிட்ரோடாவின் வழிகாட்டுதலில், வெப்பத்தையும் தூசியையும் தாங்கக்கூடிய சிறிய மின்னணு இணைப்பகங்களை உள்நாட்டிலேயே வடிவமைத்தது. வீடுதோறும் தொலைபேசி கொடுக்க முடியாத நிலையில், தெருதோறும் ஒரு பொதுத் தொலைபேசி வைத்து, அதை நடத்துபவருக்குத் தரகு கொடுக்கும் திட்டமும் அதனுடன் இணைந்தே பரவியது. 1994ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வெளியானபோது நாட்டில் நூறு பேருக்கு 0.8 தொலைபேசி என்ற அளவே இருந்தது. இணைப்புக்காகக் காத்திருந்தோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். ஆனால் நகரங்களில் பொதுத் தொலைபேசி நிலையங்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தன. பயணியைப் பொறுத்தவரை முதல் இரண்டு எண்ணிக்கைகளைவிட இந்தக் கடைசி எண்ணிக்கையே பொருள் பொதிந்தது.

மஞ்சள் பலகையும் கண்ணாடிக் கதவும் ஓடும் மீட்டரும் கொண்ட எஸ்.டி.டி. பூத், பேருந்து நிலையம், இரயிலடி, விடுதி வாசல் என்று பயணி புழங்கும் இடமெங்கும் அமைந்தது. இரவு ஏற ஏறக் கட்டணம் குறைந்து, பின்னிரவில் பகல் கட்டணத்தின் கால் பங்காக இறங்கும் வகையில் விகிதங்கள் வகுக்கப்பட்டிருந்ததால், பயணியின் நாள்முறையே அதற்கேற்ப மாறியது. பகலில் கடைகளை முடித்து, மாலையில் கணக்கை எழுதி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பூத்தின் வரிசையில் நின்று அன்றைய வசூலையும் ஆர்டரையும் ஊருக்குச் சொல்வது வழக்கமாயிற்று. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன முதலாளியிடம் பேச, வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு தொலைபேசி தேவைப்பட்டது. முகவரி அட்டைகளில் பக்கத்து வீட்டு எண்ணை அச்சிட்டு, அதனருகே பி.பி. என்று குறிப்பிடும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது இதன் விளைவே.

இரவுதோறும் சில நிமிடங்கள் பேச முடிந்ததால், கடனைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அசையத் தொடங்கியது. புதிய கடைக்காரர் ஒருவர் கேட்ட தவணையைப் பயணி உடனே ஒப்புக்கொள்ளாமல், 'நாளைக் காலையில் சொல்கிறேன்' என்று கூறிவிட்டு, இரவில் முதலாளியிடம் விவரம் சொல்லி இசைவு பெற்றுக்கொள்வது இயல்பாயிற்று. ஆயினும் இக்காலம் முழுவதும் ஓர் அடிப்படை மாறவில்லை: அழைப்பவர் எப்போதும் பயணியே. எந்த ஊரில், எந்தப் பூத்துக்கு அருகில் அவர் இருக்கிறார் என்பது ஊரிலிருப்பவருக்குத் தெரியாது. தொடர்பைத் தொடங்கும் உரிமை தம்மிடம் இருந்ததால், சொல்லவேண்டியதைச் சொல்லும் வேளையையும், கேட்க விரும்பாததைத் தள்ளிப்போடும் வாய்ப்பையும் பயணி தக்கவைத்துக்கொண்டார்.

பேஜரின் குறுகிய வாழ்வு

அந்த உரிமையை முதலில் புரட்டிப்போட்டது பேஜர். 1995இல் இந்திய நகரங்களில் சேவை தொடங்கிய இக்கருவி, இடுப்பு வாரில் செருகிக்கொள்ளும் அளவிலான ஒருவழி வானொலி ஏற்பி. செய்தியைப் பெறும், அனுப்பாது. தொடர்புகொள்ள விரும்புபவர் சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, பேஜர் எண்ணையும் செய்தியையும் சொல்ல, அங்குள்ள பணியாளர் அதைத் தட்டச்சு செய்து வானொலி அலையில் அனுப்புவார். கருவி ஒலித்ததும் அதன் சிறு திரையில் வரும் எண்ணையோ வாசகத்தையோ படித்துவிட்டு, பயணி அருகிலுள்ள பூத்தைத் தேடிச் சென்று பேச வேண்டும். இவ்வாறு பேஜரும் எஸ்.டி.டி. பூத்தும் சேர்ந்து இயங்கிய சில ஆண்டுகளில், மருத்துவர்களும் பங்குத் தரகர்களும் மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளும் அதன் முதன்மைப் பயனாளர்களாக இருந்தனர். நகர எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் வேலை செய்த பேஜர், நெடுந்தொலைவுப் பயணிக்கு அவ்வளவாக உதவவில்லை. இருப்பினும், ஊரிலிருப்பவர் அழைக்க, வெளியில் இருப்பவர் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர் என்ற புதிய முறையை அதுதான் நிறுவியது. கைபேசியின் விலையும் கட்டணமும் இறங்கத் தொடங்கியதும், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதற்சில ஆண்டுகளுக்குள் பேஜர் சேவை மறைந்தது.

கைபேசி: பேசாத கருவியாகத் தொடக்கம்

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பாகக் குறிக்கப்படுகிறது. நான்கு பெருநகரங்களிலும் நகரத்துக்கு இரண்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றிருந்தன. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகியவை சேவையைத் தொடங்கின. நெருக்கடி வேளையில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம் இருந்த அந்நாட்களில், பேசுபவருக்கு மட்டுமின்றி அழைப்பைப் பெறுபவருக்கும் கட்டணம் விழுந்தது என்பதே வணிகப் பயணியின் பழக்கத்தை வகுத்த செய்தி. கைபேசி வைத்திருந்தவர் அதன் எண்ணை மிகச் சிலருக்கே கொடுத்தார். மணி அடித்ததும் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துவிட்டு, அழைப்பை எடுக்காமல், பூத்துக்குச் சென்று திரும்பப் பேசுவது பரவலாக இருந்தது. பேசுவதற்கென்று வந்த கருவி, இவ்வாறு முதற்சில ஆண்டுகள் விலையுயர்ந்த பேஜராகவே பயன்பட்டது.

1999ஆம் ஆண்டுப் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பெருந்தொகை உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் பங்கு செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. நிறுவனங்களின் சுமை குறைந்ததும் கட்டணம் இறங்க வழி பிறந்தது. 2002 அக்டோபரில் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். கைபேசிச் சேவையில் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் ரிலையன்ஸ், நிமிடத்துக்கு 40 காசு என்ற அறிவிப்போடு சந்தைக்கு வந்தது. 2003 மே மாதம் முதல், அழைப்பவரே முழுக் கட்டணமும் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்து, சொந்தச் சேவைப் பகுதிக்குள் அழைப்பைப் பெறுவது இலவசமாயிற்று. வணிகப் பயணத்தின் வரலாற்றில் கருவியின் வருகையைவிட இந்தக் கட்டண மாற்றமே பெரிய திருப்பம் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது. 1995க்கும் 2003க்கும் இடையில் கருவி அடிப்படையில் ஒன்றேதான். ஆனால் முதலாளி அழைத்தால் பயணிக்குச் செலவு என்ற நிலை நீங்கியதும், எண்ணைக் கொடுக்க மறுப்பதற்கும் அழைப்பை எடுக்காமல் விடுவதற்கும் பயணியிடம் காரணமில்லாமல் போயிற்று. 2004இல் நாட்டின் கைபேசி எண்ணிக்கை கம்பிவழித் தொலைபேசியின் எண்ணிக்கையைத் தாண்டியது.

'மிஸ்டு கால்' என்று தமிழிலும் வழங்கும் தவறவிட்ட அழைப்பு இக்கட்டண முறையின் நேரடிப் பிள்ளை. மணி அடிக்கவிட்டு, எடுக்குமுன் துண்டித்தால் யாருக்கும் செலவில்லை என்பதால், வண்டி வந்து சேர்ந்தது, சரக்கு இறங்கியது, திரும்பக் கூப்பிடுங்கள் என்பன போன்ற, முன்பே பேசிவைத்துக்கொண்ட செய்திகளை அது சுமந்தது. தந்திக் காலத்துக் குறிமொழி நூலைப் பிறப்பித்த அதே சிக்கனம், நூற்றாண்டு கடந்து இங்கேயும் தொழிற்பட்டதைக் காணலாம். அழைப்பின் செலவைப் பயணியிடமிருந்து முதலாளியிடம் தள்ளிவிடும் உத்தியாகவும் அது பயன்பட்டது.

வட்டங்களும் பல சிம்களும்

இந்தியா முழுவதும் ஒரே வலையமைப்பாகக் கைபேசி வரவில்லை. நாடு ஏறத்தாழ இருபது தொலைத்தொடர்பு வட்டங்களாகவும் நான்கு பெருநகரங்களாகவும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வழங்கப்பட்டது. சென்னை ஒரு சேவைப் பகுதி, எஞ்சிய தமிழ்நாடு மற்றொன்று; பின்னதில் ஏர்செல், பி.பி.எல். போன்ற நிறுவனங்கள் இயங்கின. தம் வட்டத்தைத் தாண்டிய பயணி ரோமிங் எனப்படும் பிறவலைப் பயன்பாட்டுக்கு உட்பட்டார்: வேறொரு நிறுவனத்தின் அலைக்கோபுரத்தைப் பயன்படுத்துவதற்கு மிகுகட்டணம் செலுத்த வேண்டியதோடு, சொந்த ஊரிலிருந்து தாம் இருக்கும் ஊர் வரையிலான நெடுந்தொலைவுக் கட்டணத்தையும் அழைப்பைப் பெறும் அவரே ஏற்க வேண்டும். உரிமத்துக்காக வரையப்பட்ட கோடு, இவ்வாறு வணிகருக்கு ஒரு சுங்கச்சாவடி போலாயிற்று.

இந்தக் கோட்டைக் கடக்கப் பயணிகள் கண்ட வழி, வட்டத்துக்கு ஒரு சிம் அட்டை. திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு பல மாநிலங்களுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கும் மேலாளர்களும், நாமக்கல் லாரி ஓட்டுநர்களும், வடமாநில ஜவுளிச் சந்தைகளுக்குச் சென்றுவரும் ஈரோட்டு வணிகர்களும் ஒரே கைபேசியில் அட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டனர். ஊர் எல்லையில் பெட்டிக்கடையிலேயே முன்பணச் சிம் கிடைத்தது. 2000களின் பிற்பகுதியில் இரண்டு சிம் போடும் கைபேசிகள் குறைந்த விலையில் வந்து இந்தியச் சந்தையைப் பிடித்ததற்கு இத்தகைய தேவை ஒரு முக்கியக் காரணம். எண் மாறிக்கொண்டே இருந்த காலம்வரை, பயணியை ஊரிலிருந்து எப்போதும் பிடிக்க முடியவில்லை. அவருக்கு எஞ்சியிருந்த சிறிது தன்னுரிமைக்கும் இந்தக் கட்டணக் கோடே காரணமாக இருந்தது.

அக்கோடு படிப்படியாக அழிந்தது. 2006 மார்ச்சில் அரசு நிறுவனங்கள் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007 முதல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ரோமிங் கட்டணத்தைப் பலமுறை குறைத்தது. 2009இல் டாடா டோகோமோ நொடிக்கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்க, மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தபோது வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. 2015 ஜூலையில் அது வட்டம் கடந்தும் விரிந்தது. அதற்குப்பின் ஒரு வணிகருக்கு ஓர் எண் என்பது நிலைபெற்றது. பலகைகளிலும் ரசீதுப் புத்தகங்களிலும் அச்சான அந்த எண், தந்தி விலாசம் முன்பு செய்த வேலையை மீண்டும் செய்யத் தொடங்கியது; ஆனால் அது இம்முறை கடையின் இடத்தைக் குறிக்காமல், ஆள் எங்கே சென்றாலும் அவரோடு சென்றது.

திரையில் வந்த சரக்கு

பேச்சுக்கு அப்பாற்பட்ட பயன்பாடு இரு தளங்களில் வளர்ந்தது. 2004 முதல் இந்தியாவில் கிடைத்த பிளாக்பெர்ரி, பெருநிறுவன அலுவலர்களிடையே, மின்னஞ்சல் வந்தவுடனேயே கருவிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் அமைப்பால் புகழ்பெற்றது. பயணம் முடிந்து திரும்பியபின் எழுதப்படும் சுற்றுப்பயண அறிக்கையை அது அவசியமற்றதாக்கியது. மறுதளத்தில், 2003இல் வந்த நோக்கியா 1100 போன்ற எளிய கருவிகள், தூசி புகாத விசைப்பலகையும் கைவிளக்கும் நீண்டு நிற்கும் மின்கலமுமாக, சந்தைக்கும் கிடங்குக்கும் அலைந்த வணிகரின் தேவையை அறிந்து செய்யப்பட்டவை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கிய ஆலை, 2014 நவம்பரில் மூடப்படும்வரை இத்தகைய கருவிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தது.

இவ்விரு தளங்களும் ஒன்றாகக் கலந்தது தரவின் விலை விழுந்தபோது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதைத் தொடர்ந்து, இணையப் பயன்பாட்டுக் கட்டணம் சில மாதங்களிலேயே முந்தைய விலையின் சிறு பகுதியாகச் சரிந்தது. தீபாவளிக் கொள்முதலுக்குச் சூரத் சென்ற ஜவுளிக்கடைக்காரரின் மகனோ மேலாளரோ, முன்பெல்லாம் துணியைத் தொட்டு, நிறத்தைப் பார்த்து, தம் ஊர் வாடிக்கையாளர்களின் விருப்பத்தை மனத்தில் நிறுத்தித் தாமே தேர்ந்தெடுத்து வந்தார். இன்று ஒவ்வொரு ரகத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடையிலிருந்து வரும் மறுமொழிக்குப் பின்னரே எண்ணிக்கையைச் சொல்ல முடிகிறது. நுகர்பொருள் நிறுவனங்களின் விற்பனையாளர்கள் கைபேசிச் செயலியில் ஆர்டரைப் பதிந்தவுடன், கிடங்கில் இருப்பு எவ்வளவு, அந்தக் கடையின் பழைய பாக்கி எவ்வளவு, கொடுக்கத்தக்க தள்ளுபடி எவ்வளவு என்பவற்றை நிறுவனத்தின் கணினியே தெரிவித்து, எல்லை மீறிய ஆர்டரை ஏற்க மறுத்துவிடுகிறது. விலையும் கடனும் முன்பே ஊருக்குத் திரும்பியிருக்க, மூன்றாவதான சரக்குத் தேர்வும் இவ்வாறு திரும்பிச் சேர்ந்தது.

பயணத்தின் ஏற்பாடுகளும் இதே திரைக்குள் வந்து அடங்கின என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 2002 ஆகஸ்டில் தொடங்கிய இந்திய இரயில்வேயின் இணையவழி முன்பதிவு, 2006இல் பெங்களூரில் உருவான ரெட்பஸ் போன்ற பேருந்துச் சேவைகள், 2016 ஏப்ரலில் அறிமுகமான யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் ஆகியவை பயணியின் சட்டைப்பையில் இருந்த சீட்டையும் பணக்கட்டையும் குறைத்தன. வசூலுக்குச் செல்பவருக்கு இவற்றுள் கடைசியானதே பெரிய மாற்றம்: ரொக்கத்தை இரவுப் பேருந்தில் கொண்டுவரும் அச்சம் நீங்கியது, அதேவேளை, வசூலான பணம் அவர் கையைத் தொடாமலே முதலாளியின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் கடந்து செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் எனும் மின்னணு அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, அதைக் கைபேசியில் காட்டினாலே போதும் என்ற விதியும் உடன் வந்ததால், சோதனைக்குச் சரக்கு நிற்கும் இடத்திலும் கருவி ஓர் ஆவணமாயிற்று.

நேரமும் இடமும்

மூன்று முடிவுகளும் ஊருக்குத் திரும்பியபின், பயணியிடம் எஞ்சியிருந்தது அவருடைய நேரமும் அவர் நிற்கும் இடமும்தான். இருப்பிடத்தைக் காட்டும் செயற்கைக்கோள் வழிகாட்டி வசதி கைபேசிக்குள் வந்ததும், விற்பனையாளர் குறிப்பிட்ட கடையின் வாசலில் நின்று வருகையைப் பதிய வேண்டும் என்ற முறையைப் பல நிறுவனங்கள் கொண்டுவந்தன. 1976ஆம் ஆண்டு விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டு வந்த மருந்துப் பிரதிநிதிகளின் தொழிற்சங்கங்கள் இத்தகைய கண்காணிப்பை எதிர்த்து வந்துள்ளன. சுற்றுப்பயணத் திட்டம் என்னும் தாள், பயணி எங்கே இருப்பார் என்பதை முன்கூட்டிச் சொன்னது. அதிலிருந்து விலக நேர்ந்தால், ஏன் விலகினோம் என்று பின்னர் விளக்கம் சொல்ல அவருக்கு இடமிருந்தது. செயலி அவர் எங்கே இருக்கிறார் என்பதை அந்தக் கணமே சொல்கிறது. விளக்கம் கேட்கும் அழைப்பு அவர் அடுத்த கடைக்குள் நுழையுமுன் வந்துவிடுகிறது.

இவ்வளவு அதிகாரம் கைமாறியும் வணிகப் பயணம் குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகளை ஆல்பமாகத் தொகுத்து ஆடிப்பெருக்கன்று வெளியிடுவதும், முகவர்கள் அந்தக் கனத்த ஆல்பத்தைச் சுமந்து ஊர் ஊராக ஆர்டர் சேகரிப்பதும் இன்றும் தொடர்கின்றன. படங்களை ஒரு நொடியில் அனுப்பிவிட முடியும் என்றாலும், தாளின் தடிமனையும் அச்சின் பளபளப்பையும் கையால் தடவிப் பார்த்தே கடைக்காரர் முடிவு செய்கிறார். புதிய ஊரில் ஒருவரின் கடையில் அரைமணி நேரம் அமர்ந்து, வருகிற போகிற வாடிக்கையாளரையும் அலமாரியில் தூசி படிந்த சரக்கையும் பார்த்து அவருடைய நிலையைக் கணிக்கும் திறனுக்கும் இன்னும் மாற்று வரவில்லை. மாறியிருப்பது அந்தக் கணிப்பின் இடம்: முன்பு அதுவே முடிவாக இருந்தது, இப்போது அது முடிவெடுப்பவருக்கு அனுப்பப்படும் தகவல்.

ஆகவே, கைபேசி வணிகப் பயணியை விடுவித்தது என்றோ கட்டிப்போட்டது என்றோ ஒற்றைச் சொல்லில் முடிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தவறான விலையும் வாராக் கடனும் குறைவதற்குத் தொடர்பின் மலிவு உதவியிருக்கிறது. திரட்டிய ரொக்கத்தோடு தனியே பயணம் செய்யும் ஆபத்தும் குறைந்திருக்கிறது. அதற்கு ஈடாக ஓர் இழப்பும் உண்டு: அதிகாரப் பத்திரத்தோடு கடல் கடந்த முகவர் தம் கணிப்புக்காகவே இலாபத்தில் பங்கு பெற்றார்; கணிப்பு தேவையற்றதாகக் கருதப்படும் இன்றைய பயணிக்கு, சென்ற கடைகளின் எண்ணிக்கையை அளவாகக் கொண்டே ஊக்கத்தொகை கணக்கிடப்படுகிறது. சொல்லின் விலை ஏறத்தாழ இல்லாமலே போய்விட்ட இந்நாளில், பயணியிடம் எந்த முடிவை விட்டுவைப்பது என்பதை இனிக் கட்டணம் தீர்மானிக்கப் போவதில்லை. நிறுவனமும் தொழிற்சங்கமும் சட்டமும்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும்.